நம்ம அப்பச்சி, எங்க அப்பச்சி

ஆச்சி,

மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண் ஆயர் குரோவில் ஏதோ கம்பெனி வேலைக்காக ஸ்பானிஷ் படிக்கிறாள். இன்று காலை நான் துணி காயப்போடும்போது "மி பாத்ரே, து பாத்ரே, நுவெஸ்த்ரோ பாத்ரே" என்று ஒப்பித்தாள். என் அப்பா, உன் அப்பா, நம் அப்பா. கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டேன். நீங்கள் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி வந்து நிற்கிறீர்கள்.

மெர்டேக்காவுக்காக, மலாயா சுதந்திரத்துக்காக, ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்த வருடம். கான்வென்டில் ஸ்பெயின்காரக் கன்னியாஸ்திரி ஒருவர் விருப்பப்பட்டவர்களுக்கு அவர் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் டவுன் பெரிய வீட்டு மூத்த மகள், முறைக்கு எனக்கு ஆச்சி, அக்கா. நான் காஜா பேராங்கில் அப்பச்சி வைத்திருந்த இரண்டாவது குடும்பத்து மகள். ஒரே வகுப்பறை, ஒரே மூக்கு. நமக்குள் 'நுவெஸ்த்ரா மாத்ரே', நம் அம்மா, என்று சொல்ல வழியில்லை. 'நுவெஸ்த்ரோ பாத்ரே' சொல்லலாமே என்று எனக்கு நப்பாசை.

அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். நான் முந்திக்கொண்டு, அப்பாவை வீட்டில் கூப்பிடுகிறபடியே, "நம்ம அப்பச்சி" என்றேன். நீங்கள் எழுந்தீர்கள்.

"தப்பு சிஸ்டர். எங்க அப்பச்சி."

என்ன வித்தியாசம் என்றார் அவர். நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள்: "நம்மன்னா கேக்கிறவங்களும் அதுல சேத்தி. எங்கன்னா கேக்கிறவங்க சேத்தியில்ல." சொல்லும்போது சிஸ்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். எவ்வளவு நுட்பமான மொழி என்று பாவம் அந்த அம்மா பூரித்துப்போனார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கே உங்கள் நாக்கு அழுகியிருக்கலாம்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பச்சி இறந்தார். முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அம்மாவும் நானும் பெரிய வீட்டு வாசலில் போய் நின்றோம். நீங்கள்தான் வெளியே வந்தீர்கள். கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பச்சி போயிட்டாங்க" என்றீர்கள். தெருவில் போகிறவனுக்குத் தகவல் சொல்வதுபோல. பிறகு மீதிக் கதவையும் சாத்தினீர்கள்.

அம்மா மலாக்கா செட்டி. தமிழ் அரைகுறைதான், பேச்செல்லாம் மலாய். "தியா சாக்காப் அபா?" என்று என்னைக் கேட்டாள். அவள் என்ன சொன்னாள்? பள்ளிக்கூட மலாயில் 'காமி', 'கித்தா' என்று அதே இரண்டும் உண்டு. அம்மாவுக்குத் தெரிந்தது கித்தா ஒன்றுதான், எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற கித்தா. நானும் "பாப்பா கித்தா" இறந்துவிட்டாராம் என்றேன். நம் அப்பா. அம்மா அந்த மூடிய கதவைத் தொட்டுக் கும்பிட்டாள். சாகும்வரை உங்களை நல்ல பிள்ளை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருந்தேன் பாருங்கள், அதற்கு எனக்குத்தான் கோயில் கட்ட வேண்டும்.

போன மாதம் உங்கள் மகன் ஆள் அனுப்பினான். நீங்கள் என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்கிறீர்களாம். வந்தேன். பக்கவாதத்தில் வாய் கோணிக் கிடந்தீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நம்ம அப்பச்சி எங்க?" என்று கேட்டீர்கள்.

நம்ம. இத்தனை வருடம் கழித்து, எச்சில் ஒழுக ஒழுக, நம்ம.

நான் குனிந்து உங்கள் காதில் சொன்னேன்: "எங்க அப்பச்சி போயிட்டாங்க."

புரிந்தது உங்களுக்கு. கண்ணில் தெரிந்தது. கையை விட்டுவிட்டீர்கள். நான் வருத்தப்படவில்லை, இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இன்று காலை வாளியில் போட்ட துணியை மறுபடி எடுத்து உதறிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, நுவெஸ்த்ரோ பாத்ரேன்னா தமிழ்ல நம்ம அப்பாவா, எங்க அப்பாவா?"

நம்ம என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆச்சி. "எங்க" என்றுதான் வந்தது. உங்கள் குரலில்.