காதில் சொல்லாத ஜெபம்

ஞாயிறு, தூய ஆவி திருவிழா
காலையிலேயே வெயில். கொரோனா ரெண்டாம் தடவை வந்து, கோயிலைப் பூட்டி, பஸ்ஸெல்லாம் நின்ற வருஷம்தான் என் பெண்டாட்டி ஆரோக்கியம் செத்தாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி போனில் மைக்கை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறாள், பேசினால் எழுதிக்கொள்ளுமாம். யாருக்கும் காட்டக் கூடாது.

பிரசங்கம். களிமண்ணில் கடவுள் ஊதினார், மனுஷன் எழுந்தான். மூச்சு அவருடையது, அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கணும். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள் மேலும் ஊதினாராம். நீங்கள் மன்னித்தால் மன்னிப்பு உண்டு, மன்னிக்காவிட்டால் இல்லை. சாமியார் முதல் பாதியையே சுற்றிச் சுற்றிப் பேசினார். எனக்கு ரெண்டாவது பாதி இனித்தது.

வாசலில் ஆல்பர்ட், என் சித்தப்பா மகன் அந்தோணியின் பையன்.
"பெரிப்பா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. வந்து காதுல சொல்லிட்டுப் போயேன்."
"இன்னா அவசரம்? இழுக்கட்டும்."

சாகிறவர் காதில் இயேசு மரி சூசை என்று சொல்லி, கடைசி மூச்சை ஒப்புக்கொடுக்கும் ஜெபமும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் போன உயிர் வழி தெரியாமல் சுற்றும் என்பார்கள். ஊரில் அதைச் சொல்வது நான்.

திங்கள்
புழுக்கம். மாட்டுக்குத் தவிடு இல்லை.

ஆரோக்கியத்துக்கு மூச்சுத் திணறிய அன்று அந்தோணி வாசலில் ஆம்னி வேன். "பெட்ரோல் இல்லண்ணே." ஜன்னலுக்கு உள்ளேயிருந்து. மகன் மொபெட் ஓட்ட, நடுவில் அவள், பின்னால் நான். பாகூர் ஏரிக்கரையில் தலை என் மேல் சாய்ந்தது. ஜெபத்தைக் கத்திக் கத்திச் சொன்னேன். எதிர்க்காற்று. காதில் விழுந்ததோ இல்லையோ. மறுநாள் விடிந்ததும் அதே வேனில் கத்திரிக்காய் மூட்டை ஏற்றிப் போனான்.

சாயங்காலம் ஆல்பர்ட் மறுபடி. "கண்ணு கதவையே பாக்குது பெரிப்பா."
"வேன்ல பெட்ரோல் இருக்குதான்னு உங்கப்பன கேட்டுட்டு வாடா."
தலை குனிந்து போனான். அப்புறம் குடித்த டீ நன்றாக இருந்தது.

செவ்வாய்
மூட்டம். முழங்கால் வலி. பக்கத்து வீட்டில் அந்தோணி மூச்சு இழுக்கும் சத்தம் இங்கே வரை. நடுவில் அது நின்றால் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
மருமகள்: "போயிட்டுதான் வாங்களேன் மாமா, ஊரு பேசுது."
பேசட்டும்.

புதன்
மழை. சாவு மணி. செத்தான், என் ஜெபம் இல்லாமல். சட்டையை மாட்டிக்கொண்டு போனேன், முகம் பார்க்க. வாய் கோணவில்லை. தூங்குகிறவன் மாதிரி.

தலைமாட்டில் அவன் பெண்டாட்டி லூர்து. "நீங்க வருவீங்கன்னு பாத்தோம் மாமா. வரல. நானே சொல்லிட்டேன்."
"உனக்கு எப்படித் தெரியும்?"
"சாவு வூட்டுலலாம் நீங்க சொல்லிக் கேட்டதுதானே. ஒரு வார்த்த வுடல. முடிச்சதும் அடங்கிட்டாரு."

என் வாயிலிருந்து எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். திருடி.

வியாழன்
மண் போட்டாச்சு. நான் போகவில்லை. நெஞ்சில் சளி, படுத்தால் இரைகிறது. அந்த ஜெபம் தெரியுமா என்று மருமகளைக் கேட்டேன். "போன்ல போட்டு வுட்டா ஆச்சு மாமா."

எனக்குச் சொல்லிக்கொடுத்த உபதேசியார் எப்போதோ போய்விட்டார். கூடக் கற்றுக்கொண்ட மணப்பட்டு சின்னப்பனும் போனான். ஆரோக்கியத்துக்குத் தெரியும், அவளும் இல்லை. என்னை விட்டால், முழுசாகத் தெரிந்து உயிரோடு இருப்பது ஒருத்திதான். லூர்து.