பதில் தெரிந்த கேள்விகள்

காக்ஸ் டவுன், பெங்களூர்
சனிக்கிழமை, ஆகஸ்ட் 1964

அன்புள்ள அனந்தலக்ஷ்மிக்கு,

இல்லை, சந்தோஷமாக இல்லை. குமட்டிக்கொண்டு வருகிறது.

சென்னையிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்று கிடைத்தது. நீ சோதித்த ஐந்து நூலகங்களில் எங்கள் ரெஃபரன்ஸ் பிரிவுதான் முதல் என்று எழுதியிருக்கிறாய். "வாசகரை மனிதராக மதிக்கும் இடம்" என்று அறிக்கையில் ஒரு வாக்கியம் போடப்போகிறாய். நான் துள்ளிக் குதித்திருப்பேன் என்று நினைத்தாயாம். அந்த வாக்கியத்தைப் படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

டிப்ளமா வகுப்பில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். நீ நூலகங்களைச் சோதிக்கும் டெல்லிக் கமிட்டிக்குப் போனாய். நான் இங்கே, கேட்டவருக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கும் மேஜைக்கு வந்தேன். யாரும் அறியாமல் சாதாரண வாசகர் மாதிரி போய்க் கேள்வி கேட்டு, எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று அளக்கும் வேலை உனக்குக் கிடைத்தபோது பொறாமைப்பட்டேன். இப்போது இல்லை.

முதலில் ஒன்று. நீ வருவது எங்களுக்குத் தெரியும்.

நீதான் வருவாய் என்று தெரியாது. யாரோ வருவார்கள் என்று தெரியும். எங்கள் தலைமை நூலகர் வெங்கடராமனுக்கு டெல்லியில் வேண்டப்பட்டவர் யாரோ இருக்கிறார். திங்கட்கிழமை அவரிடமிருந்து டிரங்க் கால் வந்தது. உடனே எங்கள் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இந்த வாரம் ஓர் ஆள் வேஷத்தில் வரும், எந்த வேஷம் என்று சொல்ல முடியாது, ஏமாந்துவிடாதீர்கள் என்றார். எங்கள் சீனியர் உதவியாளர் சீனிவாசராகவன், பிச்சைக்காரன் வந்தாலும் நாற்காலி போடட்டுமா சார் என்று கேட்டார். வெங்கடராமன் சிரிக்கவில்லை. போடுங்கள் என்றார்.

அன்று சாயங்காலமே மேஜைக்கு வார்னிஷ் அடித்தார்கள். சுவரில் வெற்றிலைக் கறை இருந்த இடத்தில் ஒரு தேசப்படத்தை மாட்டினார்கள். மாட்டியபோது அது தலைகீழாக இருந்தது. பியூன் கோவிந்தப்பாதான் கவனித்துத் திருப்பினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முனியப்பன் வந்தார்.

முனியப்பன் ஒரு முலாம் பட்டறையில் வேலை பார்க்கிறவர். சைக்கிள் ஹாண்டில்பார், கார் பம்பர் எல்லாவற்றையும் குரோமியத் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். கை நகங்கள் மஞ்சளும் பழுப்புமாக இருந்தன. விரல் கணுவில் அச்சுக் குத்தினாற்போல ஒரு புண். அவர் மூச்சு விடும்போது மூக்கில் மெல்ல விசில் சத்தம் கேட்டது. அதை மறைக்க அடிக்கடி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூக்குக்குள்ளே நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். வலிக்கவில்லையாம். வலிக்காததுதான் பயமாக இருக்கிறதாம். மேஸ்திரி சும்மா சளி என்று சொல்கிறார், டாக்டர் மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இவ்வளவு புஸ்தகம் இருக்கிற இடத்தில எதிலயாவது எழுதியிருக்குமே அம்மா, தொட்டித் தண்ணியால வந்ததா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க என்றார்.

அவர் கேட்டது அது மட்டும் இல்லை. ஒரு மில் குடோனில் வாட்ச்மேன் வேலை காலியாக இருக்கிறதாம். சம்பளம் பாதிதான். திங்கட்கிழமைக்குள் சரி என்று சொல்லவேண்டும். ஓட்டை தானே மூடிக்கொள்ளும் என்றால் பட்டறையிலேயே இருந்துவிடலாம். மூடாது, பெரிதாகும் என்றால் போய்விட வேண்டும். இதுதான் கேள்வி. நாம் வகுப்பில் படித்தோமே, வாசகரின் கேள்வியை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்று. இதில் தெளிவாக்க எதுவும் இல்லை.

சீனிவாசராகவன் என் காதில் கிசுகிசுத்தார். டெல்லிக்காரன் என்னமா வேஷம் கட்டியிருக்கான் பாத்தீங்களா பவுலின், நகத்துக்குக்கூடச் சாயம் பூசியிருக்கான் என்றார்.

அவர் குரலில் இருந்தது பாராட்டு.

வெங்கடராமன் அறையை விட்டு வந்தார். முனியப்பனை "வாங்கோ சார்" என்றார். தன் சொந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பி வரவழைத்தார். பீங்கான் கோப்பையில். முனியப்பன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, நான் காப்பிக்கு வரலை சார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன நடிப்பு என்கிற சிரிப்பு.

தொழில் நோய்களைப் பற்றிய பெரிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று எங்களிடம் உண்டு. கண்ணாடி பீரோவிலிருந்து வெளியே வந்து பல வருஷம் ஆகியிருக்கும். அதை வெங்கடராமனே தூசி தட்டி எடுத்து வந்தார். என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். குரோமிக் அமில ஆவியால் மூக்கின் நடுச்சுவர் அரிக்கும், தொழிலாளிக்கு வலி தெரியாது, சில சமயம் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியவரும். முனியப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போ சளி இல்லை என்றார். இல்லை என்றேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பயம் இருந்தது. பயத்துக்குள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது, தன்னை யாரும் பொய்யன் என்று சொல்ல முடியாது என்பது போல.

அவர் வேஷக்காரர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த விசிலை யாராலும் நடிக்க முடியாது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இவர்களுடைய பயத்தால் ஒரு மனுஷனுக்கு நல்லது நடக்கிறது, நடக்கட்டும் என்று இருந்தேன். அப்படித்தான் நடக்கும் என்றால் தினமும் ஒரு டிரங்க் கால் வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் நூலகம் மூடும் நேரம். ஓட்டை மூடுமா மூடாதா என்பது அடுத்த பக்கங்களில் இருக்கிறது, நாளைக்கு வாங்கோ, எல்லாவற்றையும் டைப் அடித்தே தருகிறோம் என்று வெங்கடராமன் கைகூப்பினார். முனியப்பனும் கைகூப்பினார். யாரும் அவருக்கு அப்படிக் கைகூப்பியிருக்க மாட்டார்கள். படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை காலை எனக்கு விடுப்பு. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அந்த நேரத்தில் நீ வந்திருக்கிறாய். பட்டுக்கரைப் புடவை, கைப்பை, நல்ல ஆங்கிலம். ஒரு ஊரின் ஜனத்தொகை, இங்கிலாந்தில் ஒரு கல்லூரியின் விலாசம், குடகுக்குக் காப்பிச் செடி வந்த விவரம். மூன்றுக்கும் பதில் உன் கைப்பையிலேயே இருந்தது. இல்லையா? எங்கள் பதிலை அதனுடன் ஒப்பிட்டுச் சரி என்று குறித்துக்கொண்டாய். போகும்போது வெங்கடராமன் அறைக்குள் போய், நான்தான் அது என்று சொல்லியிருக்கிறாய். ரொம்பத் திருப்தி என்றும் சொல்லியிருக்கிறாய்.

நான் மத்தியானம் வந்தபோது மைசூர்பாகு விநியோகம் நடந்துகொண்டிருந்தது.

அப்போது முனியப்பன் வந்தார். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மரியாதையான இடம் என்று நினைத்திருப்பார்.

அவரைப் பார்த்ததும் சீனிவாசராகவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சார், நம்ம டெல்லி ஆபீசர் வந்துட்டார், காப்பி சொல்லட்டுமா என்று கத்தினார். வெங்கடராமன் எட்டிப் பார்த்தார். யோவ், நீ நிஜமாவே பட்டறைக்காரனா என்றார். முனியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமா சார், நேத்தே சொன்னேனே என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

நான் பீரோவைத் திறக்கப் போனேன். சாவி வெங்கடராமனிடம். மெம்பர் கார்டு இல்லாதவருக்கு ரெஃபரன்ஸ் புத்தகம் எடுப்பதில்லை, உங்களுக்கு விதி தெரியாதா மிஸ் பவுலின், இது ஆஸ்பத்திரியா என்றார். அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். மைசூர்பாகு நெய் உதட்டில் வழிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சேவையின் தரம் என்று நீ எழுதுகிறாயே, எனக்கு அது இனிமேல் அந்த நெய்தான்.

கோவிந்தப்பா கன்னடத்தில், வாங்க, கொஞ்சம் வெளியே வாங்க என்று முனியப்பனின் தோளைத் தொட்டு அழைத்துப் போனார். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. நான் பின்னாலேயே போனேன். படியில் நின்று முனியப்பன் என்னிடம் கேட்டார். நேத்து அந்த நாற்காலியில உக்காந்தது தப்பாம்மா?

இந்தக் கேள்விக்குப் பதில் எந்த அலமாரியில் இருக்கிறது?

வீடு எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஸ்ரீராமபுரம், ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம், ரேஷன் கடைச் சந்து என்றார்.

அனந்தலக்ஷ்மி, உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நீ பொய் எழுதவில்லை. உனக்குக் கிடைத்ததை எழுதினாய். உனக்கு நாற்காலி கிடைத்தது. பதில் கிடைத்தது. ஆனால் பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு வந்து கேட்டவள் நீ. நாங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் உனக்கு என்ன போயிருக்கும்? ஒரு மதிப்பெண் குறைந்திருக்கும், அதுவும் எங்களுக்கு. தெரியாமல் வந்து கேட்டவர் ஒருவர்தான். அவருக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் யாரும் அளக்கவில்லை. நாங்கள் அவரையே அளக்க வந்தவர் என்று தவறாக நினைத்த அந்த ஒரு மத்தியானம் மட்டும் ஒழுங்காக வேலை செய்தோம். ஒழுங்காக வேலை செய்ய எங்களுக்குத் தெரியும். அதுதான் தாங்கமுடியவில்லை. தெரியாதவர்கள் என்றால் மன்னித்துவிடலாம்.

அறிக்கையை அடுத்த மாதம்தான் கொடுக்கப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். ஆகவே கேட்கிறேன். அந்த வாக்கியத்தை எடுத்துவிடு. எங்களை முதலில் போடாதே. முனியப்பன் என்ற வாசகர் வந்தார், பாதிப் பதிலோடு துரத்தப்பட்டார் என்று எழுது. சாட்சி யார் என்றால் என் பெயரைப் போடு. வேலை போகும் என்று நீ தயங்குவாய். போடு. தம்பி நோயலுக்கு டெலிபோன் ஆபீசில் வேலை ஆகிவிட்டது, வீடு எப்படியோ ஓடும்.

இது உனக்கும் கஷ்டம் என்று தெரியும். டிரங்க் கால் போட்டது யார் என்று உன் கமிட்டியிலேயே விசாரிக்க வேண்டிவரும். அதற்குப் பிறகு உன்னை இந்த வேலைக்கு அனுப்புவார்களோ என்னவோ. நீ மறுத்தால் நம் சிநேகம் முறியும் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. முறியாது என்றும் எழுத வரவில்லை.

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றவில்லை என்கிறார்கள். உன்னை விசாரித்தாள். அந்தப் பெண் பெங்களூர் வந்தும் வீட்டுக்கு வராமல் போய்விட்டாளே என்றாள். உத்தியோக விஷயம் அம்மா என்றேன். அடுத்த முறை வீட்டுக்கு வா. யாராகவும் வராமல் நீயாக வா.

கர்த்தர் உனக்கு நல்ல மனத்தையும் அதற்கேற்ற தைரியத்தையும் தரட்டும்.

அன்புடன்,
பவுலின்

பி.கு.: இதை நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். இன்று ஞாயிறு. நேற்று வெங்கடராமன் மீட்டிங் போனபோது சாவியை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனார். எல்லோரும் பார்க்கப் பீரோவைத் திறந்து அந்தப் பக்கங்களைத் தமிழில் எழுதிக்கொண்டேன். காலையில் கோவிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்ரீராமபுரம் போனேன். முனியப்பன் வீட்டில் இருந்தார். விழுந்த ஓட்டை மூடாது, தொட்டிப் பக்கம் இருக்கும்வரை பெரிதாகும், விலகினால் அதோடு நிற்கும் என்று படித்தேன். அவர் தன் மனைவி சந்திரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்னொரு தடவை மெதுவா படிங்கம்மா என்றார். படித்தேன்.