வைகாசி முடிய இந்தச் சுவர் ரிசர்வ்டு

26.3.1995

அன்புள்ள கிருபா அண்ணாவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், எருமை, கன்று எல்லோரும் சுகம். பனியிலும் மலையிலும் நிற்கும் நீ சுகமாக இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறோம். வழக்கமாக அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதும் வரிகள் இவை. இன்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு, போன லீவில் நீ கொடுத்த டார்ச்சைத் தலையணைமேல் சாய்த்துவைத்து எழுதுகிறேன். அப்பா ஒரு முறை இருமினாலும் என் கை நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவும் திருமலைசாமி சித்தப்பாவும் ஒரே கட்சியில் ஒரே ஸ்கூட்டரில் போனவர்கள் என்பது உனக்குத் தெரியும். போன வருஷம் கட்சி இரண்டாக உடைந்தபோது அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம் போனார்கள். கொடியில் பட்டைகளின் மேல்கீழ் வரிசை மட்டும்தான் வித்தியாசம். வீட்டில் இருந்த பழைய கொடியை அப்பா தலைகீழாகக் கட்டிவிட்டார், அது சித்தப்பா கட்சிக் கொடியாகிவிட்டது என்று ஊரே சிரித்தது. இதையெல்லாம் உனக்கு எழுதக்கூடாது, எல்லையில் நிற்கிறவன் மனசு கலங்கும் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் எல்லைச் சண்டையே இங்கேதான் நடக்கிறது அண்ணா. இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பொள்ளாச்சி ரோட்டைப் பார்த்து நிற்கிறதே நம் காம்பவுண்ட் சுவர், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, அதற்குத்தான் சண்டை. யார் முதலில் ரிசர்வ் என்று எழுதுகிறார்களோ அந்தச் சுவரை மற்ற கட்சி தொடாது, அது ஊர் வழக்கம். நம் சுவரில் யார் முதல் என்பதுதான் வழக்கு. தேர்தலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, இவர்கள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் பெயிண்டர் ரூபன் அப்பாவுக்காகச் சுண்ணாம்பு அடித்து எழுதுவான், சாயங்காலம் அதே ரூபன் சித்தப்பாவுக்காக அதை அழித்து எழுதுவான். அம்மா கேட்டதற்கு, "எனக்குக் கட்சியெல்லாம் இல்லீங்கக்கா, எந்தப் பக்கம் டீ சூடா இருக்குதோ அந்தப் பக்கந்தானுங்க" என்றான். அடித்து அடித்துச் சுவரே தடித்துவிட்டது. பிறகு சுவரைப் பாதியாகப் பிரித்துக் கோடு போட்டார்கள். அப்பா காலடியால் அளந்தார், சித்தப்பாவும் காலடியால் அளந்தார். சித்தப்பாவுக்குப் பாதம் பெரிது, அதனால் கோடு தினமும் நடந்தது. கேட்டுக்கு இரண்டு கதவு, ஒன்றில் அவர்கள் கொடி, ஒன்றில் நம் கொடி. எருமை நுழைய இரண்டும் திறக்க வேண்டும். அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே நேரத்தில் வந்து திறந்துவிட்டு ஒரே நேரத்தில் திரும்பிப் போவார்கள். எருமைக்கு எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.

இதுவரை சிரிப்புத்தான். ஆனால் வைகாசியில் வரும் உன் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடும் ஈசானி மூலை, அந்தக் கோட்டால் சித்தப்பா பக்கம் போய்விட்டது. "அவன் மண்ணுல என் கால் படாது" என்று அப்பாவும், "கூப்புடாம நா வரமாட்டேன்" என்று சித்தப்பாவும் பிடிவாதமாக இருந்தார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரப்போகும் அண்ணியின் அப்பா வந்து இதைப் பார்த்துவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல், "பந்தக்காலு நடறதுக்கே ஒண்ணு சேராத ஊட்டுக்குப் புள்ளையக் குடுக்கறதுக்கு ரோசனையா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று அம்மா சோறு வடிக்க மறந்தாள், கஞ்சியோடு சாப்பிட்டோம்.

இப்போது எழுதுவதைப் படித்ததும் கிழித்துவிடு. போன வெள்ளிக்கிழமை இரண்டு கட்சிக்கும் ஒரே நேரத்தில் பொள்ளாச்சியில் கூட்டம். அப்பாவும் சித்தப்பாவும் போய்விட்டார்கள். ரூபன் நீலப் பெயிண்ட் டப்பாவையும் மிச்சச் சுண்ணாம்பையும் சுவரடியிலேயே விட்டிருந்தான். நானும் சித்தப்பா மகள் கீதாவும் கையெழுத்துத் தெரியாமல் இருக்க இடது கையால் ஆளுக்கொரு எழுத்தாக, இருந்த எழுத்தையும் கோட்டையும் அழித்து, சுவர் முழுக்க எழுதிவிட்டோம்: "கிருபாசங்கர் திருமணம். வைகாசி முடிய இந்தச் சுவர் ரிசர்வ்டு." மறுநாள் அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். சுண்ணாம்போடு வந்த ரூபன், "கல்யாணச் சேதி மேல நா அடிக்கமாட்டேனுங்க, கை வெளங்காது" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டான். அப்பா மெதுவாக அம்மாவிடம், "நம்ம பையனுக்காகத் திருமல கட்சியவே உட்டுக் குடுத்துப்போட்டான் பாரு" என்றார். அதே நேரம் சித்தப்பா அந்தப் பக்கம் சித்தியிடம், "அண்ணன் எறங்கி வந்துட்டாரு" என்றாராம், கீதா சொன்னாள். சாயங்காலம் சித்தப்பாவே இரண்டு கதவையும் திறந்துகொண்டு வந்து, "பந்தக்காலுக்குப் பால்மரக் கொம்பு நாந்தான் வெட்டிக்கிட்டு வருவனுங்கண்ணா" என்றார். "நீ வெட்டாம வேற எவன்டா வெட்டுவான்" என்று அப்பா அதட்டினார். மறுநாளே இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் கோபிக்குப் போய்ப் பேசி, அவர்களைச் சம்மதிக்கவைத்துவிட்டு வந்தார்கள்.

ஆனால் பயம் போகவில்லை. ஒருவர் நன்றி சொன்னால் மற்றவர் "நானில்லையே" என்பார், எல்லாம் முடிந்துவிடும். அப்பா "அந்தச் சொவத்துல" என்று ஆரம்பித்தாலே நான் டம்ளரைக் கீழே போடுகிறேன், கீதா இருமுகிறாள். வீட்டில் நசுங்காத டம்ளர் குறைவு. கீதாவுக்குக் கஷாயம் வேறு கொடுக்கிறார்கள்.

உனக்கு என் புத்திமதி இவ்வளவுதான். சாக்ஸ் ஈரமாக இருந்தால் போடாதே. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தனித்தனியாக, சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், ஒரே மாதிரிக் கடிதம் எழுது. வரிகளும் சமமாக இருக்கட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்து அளப்பார்கள். முக்கியமாக லீவு வாங்கிக்கொண்டு வந்துவிடு. வைகாசி தாண்டினால் ரிசர்வ் காலாவதி. உன் ஆபீசர் கேட்டால், ஊரில் போர்நிறுத்தம், கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று சொல்.

சின்னவள் நான் ஆசீர்வாதம் சொல்லக்கூடாது. இது அம்மாவுடையது. சுவரில் எழுதிய மறுநாள் என் முழங்கையில் நீலக் கறையைப் பார்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, "பரிச்சைக்குப் படிக்கற புள்ள, இங்க்கு ஊத்திக்கிட்டயாட்ட இருக்குது கண்ணு" என்றாள். இன்று என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் அவள் வைத்த இந்த இன்லேண்ட் கவர் இருந்தது. நீ நூறு வருஷம் நல்லா இருக்கோணும் என்கிறாள். வாயால் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பெயர் எழுதப் பயப்படும்
உன் தங்கை