நீர் நிலையத்து வாசல் பலகை

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். வானொலியில் உன் பேச்சைக் கேட்டேன். தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர் குடி. நம் படை எல்லையைத் தாண்டிய அன்று, மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றாய். ஐந்து மாதமாகிறது. நேற்றும் அதே மூன்று வாரம்தான்.

எங்கள் நீர் நிலையத்துக்கு மாதம் நாற்பது குளோரின் சிலிண்டர் வரும். இந்த மாதம் ஒன்பது. மீதி ஆயுதத் தொழிற்சாலைக்காம். பதினொரு ஃபிட்டர்களில் ஏழு பேரைப் படைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். குழாயில் காதை வைத்தே கசிவு எங்கே என்று சொல்லும் பெரிய ஃபிட்டர், இப்போது யாரோ ஒருவருடைய வயலில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருக்கிறார். இது நான்கு லட்சம் பேர் குடிக்கும் தண்ணீர். உன் இலாகாவுக்கு மூன்று முறை எழுதினேன். ‘போர்த் தேவைக்கே முன்னுரிமை’ என்று பதில் வந்தது. கீழே உன் கையெழுத்து. ஓரத்தில் ‘அக்கா, நலமா?’ என்று எழுதக்கூடவா இடமில்லை?

இருபது சிலிண்டராவது அனுப்பு. ஆற்றில் தண்ணீர் குறைகிறது, அழுக்கு குறையவில்லை.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்திலும் வெந்நீர் குடிக்கச் சொல்ல உன்னால்தான் முடியும். உனக்கு எப்போதும் சந்தேகம். எனக்குக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னால், அவருடைய தெர்மாமீட்டரையே சோதித்தவள் நீ.

எதிரி இன்றோ நாளையோ விழுந்துவிடுவான். அதுவரை ஒரு சின்ன உதவி செய். தினமும் காலை ஆறு மணிக்கு வாசல் கரும்பலகையில் தண்ணீர் நிலவரம் எழுதுகிறாயே, இருபத்திரண்டு வருஷப் பழக்கம், தெரியும். கொஞ்ச நாளைக்கு ‘குடிக்கலாம்’ என்றே எழுதிவிடேன். மக்கள் மனம் தளரக் கூடாது என்கிறது மேலிடம். குளோரினைக் குறைத்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

உன் அன்புத் தம்பி

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

யாருக்குத் தெரியும் என்கிறாய். எனக்குத் தெரியும். அடுத்த வாரம் எல்லார் வயிற்றுக்கும் தெரியும்.

இன்று சோதனை சரியில்லை. ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்று எழுதினேன். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அம்மா, யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். “காய்ச்சச் சொல்றீங்க, சரி. எதை வச்சுக் காய்ச்ச? மண்ணெண்ணெயும் சண்டைக்குப் போயிடுச்சே!”

அவர் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். உன்னிடம் விடை இருந்தால் எழுது. பேச்சு வேண்டாம், பதில் வேண்டும்.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. உன் பலகையைப் பற்றி இங்கே புகார் வந்துவிட்டது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலதிகாரி, “அந்தம்மா உங்க அக்காதானே?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உன்னை ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறோம். சம்பளம் குறையாது. இங்கிருந்து ஒருவர் வருகிறார், பலகையை அவர் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் ஓய்வு என்று நினைத்துக்கொள். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

மே 19

தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்றாய். கேள்.

உன் ஆள் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. தண்ணீர்ப் பக்கமே போகாமல், பலகையில் முத்து முத்தாக ‘குடிக்கலாம்’ என்று எழுதினார். ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். “இது அந்தம்மா எழுத்து இல்லையே” என்று பேசிக்கொண்டே போனார்கள். அன்றே பழைய நாற்காலி, கதவு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் என்று கையில் கிடைத்ததை எரித்துத் தண்ணீர் காய்ச்சினார்கள். எரிக்க ஒன்றுமில்லாதவர்கள் அப்படியே குடித்தார்கள். குழந்தைகள் வார்டில் இப்போது ஒரு கட்டிலுக்கு மூன்று பேர்.

ஊருக்கு வெளியே படைப் பயிற்சி முகாம் இருக்கிறதே, அதற்கும் இதே குழாய்தான். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு யார் எழுத்து என்று என்ன தெரியும்? முகாம் அதிகாரி தினமும் ஆள் அனுப்பிப் பலகையைப் படித்துவரச் சொல்லி, நம்பிக் குடிக்கவைத்தார். ஆயிரத்து இருநூறு பேர் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார்கள். அவர்களைப் போர்முனைக்கு ஏற்றிப்போக வந்த ரயில் காலியாகத் திரும்பிப் போனது.

எதிரி ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை. அடுத்தவன் ஊரைப் பிடிக்கப் போய், நம் ஊர்க் குழாயை நாமே கெடுத்துக்கொண்டோம். இதற்குப் பெயர் வலிமையா?

பெரிய ஃபிட்டர் போர்முனையில் இறந்துவிட்டார். முந்தாநாள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழவில்லை. படை அனுப்பிய பதக்கத்தை என் கையில் வைத்து, “இதை வச்சு வால்வைத் திருக முடியுமாம்மா?” என்று கேட்டார்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் ஆடிப்போயிருக்கிறார்கள். முகாம் விஷயம் வெளியே போனால் மானம் போய்விடும். பலகையை யாரும் நம்புவதில்லை என்று உளவுத்துறை அறிக்கை கொடுத்திருக்கிறது.

உன் மாற்றலை ரத்து செய்துவிட்டேன், உத்தரவு இத்துடன் இருக்கிறது. நாளையே போய், உன் கையால் ‘குடிக்கலாம்’ என்று எழுது. சிலிண்டர் இப்போதைக்குக் கிடைக்காது. ஆனால் உன் எழுத்தைப் பார்த்தால் ஊர் அடங்கிவிடும். இல்லாவிட்டால் என் வேலை போய்விடும், அக்கா. உன்னிடம் எனக்காக நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உன் தம்பி

மே 28

தம்பிக்கு,

உத்தரவு கிடைத்தது. இன்று காலை ஆறு மணிக்குப் பலகைக்குத் திரும்பிவிட்டேன். சோதனை முடிந்ததும் என் கையால்தான் எழுதினேன். எழுதியது இது:

‘தண்ணீர் குடிக்கத் தகாது. குளோரின் போருக்குப் போயிருக்கிறது. ஃபிட்டர்களும் போயிருக்கிறார்கள். திரும்பக் கேட்க வேண்டிய இடம்:’

கீழே உன் பதவி, அறை எண், தொலைபேசி எண்.

என்னை எந்த நேரமும் போலீஸ் கூட்டிப் போகலாம். பரவாயில்லை. எட்டு மணிக்கு உன் ஆள் ஈரத்துணியோடு வருவதற்குள் நூறு பேராவது குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பால்கார அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எண்ணை என்னைச் சொல்லச் சொல்லி, திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு, “யாரும்மா இந்த ஆளு?” என்றார்.

“என் கூடப் பிறந்தவன்” என்றேன்.

“அப்படியா? அப்ப கண்டிப்பா போனை எடுப்பாரு” என்றார்.

அக்கா