கரண்ட்டுக்கு ஒரே புதன்தான்

யாங்கூன்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் யாமினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பினாங்கில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் புத்தர் முன்னால் பூ வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் நம் எதிர்ச்சாரியில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் எய் பியூவின் தம்பி. அவனிடம் ஊறவைத்த தேயிலை ஒரு பொட்டலமும் வறுத்த இறால் ஒரு டப்பாவும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதே, உள்ளே கூப்பிட்டுச் சோறு போடு.

அடியே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படி. உன் அப்பா போனை அணைத்து வைக்கவில்லை.

போன வியாழன் ராத்திரி நீ அனுப்பின செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூணு வியாழன் கூப்பிட்டாச்சு, கரண்ட் இருக்குன்னு படமே அனுப்பினவர் போனை மட்டும் அணைச்சு வெச்சா அவர் பதில் என்னன்னு புரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை, கல்யாணம் பண்ணக்கூடாத வாசோ மாசம் வர்றதுக்கு முன்னாடி நானும் ஆங் மியாத்தும் இங்கேயே கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கறோம், இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன் என்று எழுதிவிட்டாய். நான் திருப்பிக் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் ஒற்றைக் குறியோடு நிற்கிறது, நீ பார்த்ததாகவே தெரியவில்லை. கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிற குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் பேர் சொல்லிக் குறை சொல்லவில்லை. அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.

நடந்ததைக் கேள். நீ இங்கே இருந்தபோதும் கரண்ட் போகும் வரும், ஆனால் சொல்லாமல் போகும். இப்போது சொல்லிவிட்டுப் போகிறது. தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு வார்டு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நம் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து கரண்ட், திங்கட்கிழமை பகலில் கரண்ட், மறுநாள் திரும்பவும் சாயங்காலம், இப்படி ஒரு நாள் மாற்றி ஒரு நாள். அடுத்த ஞாயிறு வந்தால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவுதான் விஷயம். ஆனால் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கிக்குக் கரண்ட் போய்விட்டது. மீதியை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டார்கள்.

உன் அப்பாவுக்கு ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற துக்கம் அன்றைக்குத்தான் தீர்ந்தது. நாட்டுக்கே ரயில் நேரம் போட்டவன் நான், இந்த ரெண்டு வேளைக் கரண்ட்டைக் கட்டம் கட்ட எனக்குத் தெரியாதா என்று கிளம்பினார். மடாலயத்து அன்னதானக் குழு ஒரு பழைய பலகையை மூலையில் போட்டிருந்தது. எந்தக் கிழமையில் பிறந்தவர்கள் எப்போது சோறு போட வேண்டும் என்று எழுதி வைத்திருந்த பலகை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, எழுத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தார். கட்டங்களுக்கு மேலே அந்தந்தக் கிழமைக்கு உரிய கருடன், புலி, சிங்கம் எல்லாம் அப்படியே இருந்தன. புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, புதன் மத்தியானத்துக்குத் தந்தமில்லாத யானை. தந்தமில்லாதது உன் யானை, அதைத் துடைக்க மனசு வருமா அவருக்கு? அதற்கு மட்டும் புதுசாகச் சாயம் பூசினார்.

பகல் கரண்ட்டுக்குச் சூரியன் வரைந்தார், சாயங்காலக் கரண்ட்டுக்கு நிலா. ஞாயிறில் தொடங்கி நிலா, சூரியன், நிலா, சூரியன் என்று வரிசையாகக் கடைசிக் கட்டம் வரை வரைந்து, மாடிப்படிக்குக் கீழே எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டினார்.

அப்புறம் அவருக்கு வந்த மவுசைப் பார்த்திருக்க வேண்டும் நீ. தெருவில் எல்லாரும் கரண்ட் மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பலகையைப் படித்தாலும் அவர் வாயால் ஒரு தடவை கேட்டால்தான் திருப்தி. நாலாவது மாடி ஏற யாருக்கு முடியும்? காலைப் பேப்பரை மேலே இழுக்க நாம் தொங்கவிட்டிருக்கிற கயிற்றின் கிளிப்பில் சீட்டை மாட்டி, கயிற்றை இழுத்து மணியடித்தார்கள். நாளைக்கு இஸ்திரி போடலாமா, மோட்டார் எப்போ போடறது, மாமியார் வர்றாங்க மீன் வாங்கிக் குளிர்பெட்டியில வைக்கலாமா என்று சீட்டு வந்துகொண்டே இருந்தது. இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதில் எழுதிக் கயிற்றில் இறக்குவார். மத்தியானம் படுக்க விடாமல் மணி அடித்துக்கொண்டே இருந்ததில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

ஞாயிறிலிருந்து புதன் பகல் வரை பலகை சொன்னபடியே நடந்தது. சொன்ன நேரத்துக்கு விளக்கு எரிந்து, வந்துருச்சுடோய் என்று தெருவே கத்தும்போது, தான் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்த மாதிரி இவர் மாடியில் நின்று தலையாட்டுவார். அதற்கப்புறம் சனி வரைக்கும் எல்லாம் தலைகீழ். வியாழன் பகலில் கரண்ட் என்று சோற்றுக் குக்கரைப் போட்டால் அரிசி அரிசியாகவே கிடக்கும். ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை. நேரத்துக்கு வராதது இந்த ஊரில் என்ன அதிசயமா? அட்டவணை சரியாத்தான் இருக்கு, மின்சார ஆபீஸ்காரனுக்குத்தான் படிக்கத் தெரியலை என்று உன் அப்பா சொன்னார், நாங்களும் அவனைத்தான் திட்டினோம்.

இந்தச் சமயத்தில்தானே உனக்கு வேலை நேரம் மாறி, லீவு ஞாயிறிலிருந்து வியாழனுக்குப் போனது. ஆங் மியாத்தைக் கட்டிக்கொள்ள ஆசை என்று நீ என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை யாமின், சத்தியமாக. என் பொண்ணு என்கிட்ட கேட்கட்டும், உன் மூலமா எதுக்குத் தூது, வியாழக்கிழமை மத்தியானம் கூப்பிடச் சொல்லு, அன்னிக்குப் பகல்ல கரண்ட் இருக்கு என்றார். நம் போனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பேட்டரி செத்து வருஷமாகிறது. பிளக்கில் சொருகியிருந்தால் உயிர், பிடுங்கினால் பிணம்.

முதல் வியாழன் கரண்ட் வரவில்லை. அடுத்த வாரம் கண்டிப்பாக இருக்கும் என்று பலகையைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினார். வியாழன் கட்டத்துச் சூரியனைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் வேறு போட்டிருந்தார். அப்படிச் சொல்லிவிட்டு இரண்டாவது வியாழனும் வரவில்லை, மூன்றாவது வியாழனும் வரவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்பா சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருப்பேன்.

ஆனால் மூன்று வியாழனும் அவர் இருந்த கோலத்தைச் சொல்லட்டுமா? ரயில்வேயில் பிரிவு உபசாரத்துக்குப் போட்ட மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரினார். போன்ல முகம் தெரியுமில்ல என்றார். இந்த வெயிலில், விசிறி ஓடாத அறையில், பிளக்கில் சொருகிய செத்த போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டையையாவது கழற்றுங்களேன் என்றால், இதோ வந்துரும், வந்ததும் அவ கூப்பிடுவா, அப்போ பொத்தான் போட நேரம் இருக்குமா என்று என்மேல் எரிந்து விழுந்தார். சாயங்காலம் விளக்கு வந்து போனுக்கு உயிர் வரும்போது நீ லீவு முடிந்து ராத்திரி வேலைக்குப் போயிருப்பாய். நானே திருப்பிக் கூப்பிட்டா பெரிசா அவசரப்படற மாதிரி இருக்கும் என்று அதற்கு ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு மட்டும் நீ என்ன திட்டினாலும் நான் குறுக்கே வரமாட்டேன்.

உண்மை வெளியே வந்தது போன வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு நிலா போட்டிருக்கே என்று எய் பியூ ஒரு கல்யாணப் பெண்ணைச் சாயங்காலம் வரச்சொல்லியிருந்தாள். வலது பக்கத்து முடியைச் சுருட்டி முடித்து இடது பக்கம் கை வைக்கும்போது கரண்ட் போயே போய்விட்டது. அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பலகை முன்னால் நிறுத்தினாள். உன் அப்பாவும் கீழேதான் நின்றிருந்தார். மாமா, விடிஞ்சா இவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை இந்தப் பக்கம் நின்னா ஒருத்தி, அந்தப் பக்கம் நின்னா இன்னொருத்தி, அவன் யார் கழுத்துல மாலை போடறது, சொல்லுங்க என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது.

அட்டவணையில தப்பே கிடையாது என்று இவர் சாதித்தார். அவள் விடவில்லை. விரலை மடக்கி ஒவ்வொரு கட்டமாகக் குத்தி எண்ணினாள். ஞாயிறு ஒண்ணு, திங்கள் ரெண்டு, வெள்ளின்னா ஆறாவது நாள், உங்க பலகையில வெள்ளி ஏழாவது கட்டத்துல போய் உட்கார்ந்திருக்கே, அது எப்படி என்றாள். இவர் கொஞ்சங்கூடத் தயங்காமல், அஞ்சாவது கட்டம் புதன் மத்தியானம், என் பொண்ணு பிறந்த நாள், அதை எப்படி விடறது என்றார். எய் பியூ தலையில் கை வைத்துக்கொண்டாள். அட கடவுளே, பிறந்தவங்களுக்குத்தான் மாமா புதன் ரெண்டு, கரண்ட்டுக்கு ஒரே புதன்தான் என்றாள்.

தெரு சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். இத்தனை நாள் அந்தப் பலகையைப் பார்த்துச் சோறு வடித்ததும் துணி துவைத்ததும் நாங்கள்தான், எங்களில் ஒருத்தருக்காவது ஒரு கட்டம் கூடுதல் என்று பட்டதா? புதன் ரெண்டு என்று கேட்டே வளர்ந்த ஜனம். ஒரே நாளுக்கு இரண்டு முறை போட்டதில் வியாழன், வெள்ளி, சனி மூன்றும் ஒரு கட்டம் தள்ளிப் போய்ச் சூரியனும் நிலாவும் இடம் மாறிவிட்டன. அழுதுகொண்டிருந்த கல்யாணப் பெண்ணே சிரித்துவிட்டாள். அவளுக்கு முடியை மொத்தமாக உச்சியில் தூக்கிக் கட்டிப் பூவைச் சுற்றி அனுப்பினோம், நன்றாகத்தான் இருந்தது.

உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அப்போ வியாழக்கிழமை பகல்ல என்று இழுத்தார். வியாழக்கிழமை பகல்ல நமக்குக் கரண்ட் கிடையவே கிடையாது மாமா என்று எய் பியூ சொன்னதும் முகம் செத்துப்போய்விட்டது. மேலே ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, படம் வேற அனுப்பினேனே மியா சி, வட்டம் போட்டு அனுப்பினேனே என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் அழுதார். கேலி பண்ண வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்துக்கொண்டு படியேறினேன், எல்லாம் மறந்துபோய்விட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை எழுந்ததும், அந்தப் பையன் என்னிக்குப் பிறந்தவன் என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். நேற்று என்னையும் கூட்டிக்கொண்டு புத்தர் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற ஜோசியரிடம் போனார். ஜோசியர் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எதையோ கூட்டிக் கழித்துவிட்டு, புதன் மத்தியானத்துக்கும் சனிக்கும் அவ்வளவாக ஒத்துவராது என்றார். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். ரயில்வேயில தலை நரைச்ச எனக்கே இந்த எட்டு நாளை ஒழுங்கா எண்ணத் தெரியலை, நீ எண்ணிக் கிழிச்சுட்டியாக்கும், எழுந்திரு மியா சி என்று என்னைக் கிளப்பிவிட்டார். வரும் வழியில் துணிக்கடையில் நின்று, பட்டு லுங்கி மாப்பிள்ளைக்கு எடுத்தால் எவ்வளவு நீளம் எடுப்பது, பையன் உயரமா குட்டையா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? உன்னைத்தான் கேட்க வேண்டும்.

எய் பியூவோடு சமாதானம் ஆகிவிட்டது. அவள் இனி எந்த அட்டவணையையும் நம்பப்போவதில்லை என்று கடைக்குப் பெரிய பேட்டரி வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் அங்கே வந்து போனைச் சொருகிக்கொள்ளுங்க மாமா என்று அவளே சொன்னாள். ஆகவே வரும் வியாழன் மட்டுமல்ல, எந்த வியாழன் நீ கூப்பிட்டாலும், தலையில் சுருள் மாட்டிய பெண்களுக்கு நடுவில் அந்த மேல்சட்டையோடு உன் அப்பா உட்கார்ந்திருப்பார். சாயமடிக்கிற நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி அங்கே இல்லை, அதில்தான்.

பதிவை ஒரு வாரம் தள்ளி வை தாயே. உன் மேல் சத்தியமாக வேறெதுவும் நான் கேட்கமாட்டேன். ஆங் மியாத்துக்கு என் ஆசீர்வாதம் சொல்லு. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் முழுசாகக் கேட்டு, நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பா மனசில் இருப்பதை நானே இங்கே எழுதிவிடலாம், ஆனால் மாட்டேன், அது அவர் வாயால் வர வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறார், நான் உள்ளே நுழைந்தால் இருமுகிறார்.

இன்னொன்று. இத்தனை வருஷமாக அவர் போனை எடுத்தால் நீ சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்பாய், அவர் சாப்பிட்டேன் என்பார், உடனே அம்மாகிட்ட குடுங்க என்பாய். வியாழக்கிழமை அப்படிச் சொல்லிவிடாதே. நான் அங்கே இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா