சத்தம் கூட்டும் பொத்தான்

இன்று காலை சுவர்க்கடிகாரம் நின்றிருந்தது. பின்மூடியைத் திறந்தால், பேட்டரி ஒழுகி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ரிமோட்டில் ஒருநாளும் இந்த நெடி வர நான் விட்டதில்லை.

பழவங்காடி ஜவுளிக்கடையில் நீங்கள் சேலையை விரித்துக்கொண்டு கூவினால் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் பெண்டாட்டியைக் கூப்பிடவும் அதே குரல்தான். "ஏட்டி, இங்க வா!" பக்கவாதம் அந்தக் குரலையும் வலது கையையும் காலையும் ஒரே நாளில் கொண்டுபோயிற்று. கூப்பிடுவதற்கு ஒரு மணி வாங்கித் தந்தேன். இடது கையால் தட்டிவிட்டீர்கள். மாட்டைப் போல மணியாட்டச் சொல்கிறாளே என்று தோன்றியிருக்கும்.

பிறகொரு நாள் நான் அடுக்களையில் இருந்தபோது டிவி அலறியது. ஓடிவந்தேன். ரிமோட்டைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தீர்கள்.

"என்னையா கூப்பிட்டிய?"

கண்ணை மூடித் திறந்தீர்கள். நோய் வந்தபின் நாம் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அன்றுதான்.

அடுத்த வீட்டுக்காரி வந்து, "அக்கா, டிவிய கொஞ்சம் கொறைக்கணும், பிள்ளைக்குப் பரீட்சையாக்கும்" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அதன்பின் நான் வெளியே போன நேரத்தில் சத்தம் கேட்டால் அவளே ஓடிவந்தாள்.

கஞ்சி சிந்தினாலும் உள்ளே இறங்காதபடி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டேன். மழைக்காலத்தில் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை உலர்ந்த துணியால் துடைப்பேன். "பழசும் புதுசும் கலந்து போடாதீங்க, ஒழுகிரும் கேட்டியளா" என்று பேட்டரி விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்தே மாற்றினேன், தீர்வதற்கு முன்பே.

கரண்ட் மட்டும் என் கையில் இல்லை. சாயங்கால பவர்கட்டுக்கு நேரம் உண்டு, அப்போது உங்களை விட்டு நகரமாட்டேன். ஆனால் ஒரு நாள் பகலிலேயே போய்விட்டது. கர்க்கடக மாதத்து மழை, நம்முடைய ஆடி. பின்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்த எனக்குத் தகரக் கூரையின் இரைச்சல் தவிர எதுவும் கேட்கவில்லை.

ஈரக்கையோடு உள்ளே வந்தபோது நீங்கள் போயிருந்தீர்கள். ரிமோட் மார்பின்மேல் இருந்தது. கட்டைவிரல் சத்தம் கூட்டும் பொத்தானை விட்டு விலகவில்லை. அடுத்த வீட்டுக்காரிதான் அதை மெல்ல எடுத்தாள். "கஷ்டப்படாமத்தான் போயிருப்பாரு அக்கா" என்றாள். அவள் அந்த விரலைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள்.

இப்போதெல்லாம் கரண்ட் போவது குறைவு. போனால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு உங்கள் அறைக்கு வந்து நிற்கிறேன், யாரும் கூப்பிடாமலே.