இரண்டாவது விளக்கு

டீச்சர், அது கிடைத்துவிட்டது!

வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் எவ்வளவு என்று பார்க்கத்தான் போன கிழமை ஒரு மாலையில் போனைத் திறந்தேன். நீங்கள் இருந்தவரை அதைத் தெரிந்துகொள்ளும் அவசியமே எனக்கு வந்ததில்லை, நீங்கள் செய்த இனிப்பு கிண்ணத்தோடு மதிலுக்கு மேலால் வந்துவிடும். தேடிய இடத்துக்குக் கீழே சம்பந்தமில்லாமல் ஒரு சின்னப் படம் நின்றது. கறுப்புக் கோட்டு, கம்பளிப் பூச்சி போன்ற புருவம், கழுத்தில் சுற்றிய சால்வை. விரல் பட்டதும் அந்த இசை. முதலில் ஒற்றை ஊதுகுழல், பிறகு யாரோ கதவைத் தட்டுவதுபோல மேளம். செருமல் இன்ஸ்பெக்டர்!

அந்தப் பெயரை வைத்தது நீங்கள். ஒவ்வொரு முக்கியமான கேள்விக்கும் முன்னால் அந்த மனிதர் தொண்டையைச் செருமுவார். அவருடைய உண்மையான பெயரை நாம் ஒருநாளும் சொன்னதில்லை. சனிக்கிழமை மாலையில் டீவியில் அவர் தொடர் வரும், இங்கிலீஷ் பேச்சு, கீழே சிங்கள எழுத்து. குண்டசாலையில் பக்கத்து வீடுதான் என்றாலும் உங்கள் வீடு பள்ளத்தில் இருந்ததால் அங்கே படம் எடுபடாது. மகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவீர்கள். அவள் கொலை நடப்பதற்குள் என் மடியில் தூங்கிவிடுவாள்.

என் வீட்டிலும் படம் சும்மா வந்துவிடாது. பின்பக்க ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பத்தில் அன்டெனா. அடைமழை என்றால் புள்ளி புள்ளியாக இரையும். மற்ற நேரங்களில் ஆட்கள் இரட்டையாகத் தெரிவார்கள், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அவரே மங்கலாக இன்னொரு தடவை நிற்பார். ஒருநாள் நீங்கள் போய்க் கம்பத்தைப் பிடித்தீர்கள், படம் கண்ணாடிபோல ஆனது. விட்டீர்கள், போய்விட்டது. என் கைக்கு அது மசியவே இல்லை. அன்றிலிருந்து தொடரை நான் உள்ளே கதிரையில் இருந்து பார்த்தேன், நீங்கள் வெளியே குடையோடு நின்று கேட்டீர்கள்.

பாவமாக இருக்கும் எனக்கு. நடப்பதையெல்லாம் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருப்பேன், நீங்கள் வெளியே இருந்து அதட்டுவீர்கள்.

"இப்ப வக்கீல் மாடிப்படி ஏறுறாரு டீச்சர். கையில ஒரு பெட்டி. முகம் வேர்த்திருக்கு…"

"டீச்சர், இது ஒன்பதாம் வகுப்பில்ல, பாடம் நடத்தாதீங்க! அவரு மூச்சு வாங்குறது எனக்குக் கேக்குது. சத்தத்தக் கூட்டி வெச்சிட்டு நீங்க வாய மூடிட்டு ஈங்க."

நான் விஞ்ஞானம் படிப்பித்தவள், கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவேன். நீங்கள் இங்கிலீஷ் படிப்பித்தவர், ஒருவர் வாயைத் திறந்ததுமே பொய் எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுவீர்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு இன்ஸ்பெக்டர் என்று நீங்கள் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

கடைசிப் பகுதிக்கு முன்னால் சவர்க்கார விளம்பரமும் பால்மா விளம்பரமும் வரும்போது நம் நீதிமன்றம் கூடும். ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும், காரணத்தோடு. சொன்ன பிறகு மாற்ற முடியாது. என்ன சுகமான பரபரப்பு அது! இப்போது வரும் தொடர்களில் முதல் நிமிஷத்திலேயே சுவரெல்லாம் இரத்தம். அவற்றில் யார் கொன்றார்கள் என்று யோசிக்க எனக்குத் தோன்றுவதில்லை, எப்போது முடியும் என்றுதான் தோன்றுகிறது. நம் இன்ஸ்பெக்டருக்கு அவசரமே கிடையாது. உதாரணத்துக்கு அந்த நனையாத செருப்புக் கதை. வெளியே அடைமழை. கதவோரம் காய்ந்த செருப்பு ஒரு சோடி. அதை ஒரே ஒரு தடவை காட்டிவிட்டுக் கமரா ஒன்றும் தெரியாததுபோலப் போய்விடும். நமக்கு அறிவு இருக்கிறது என்று அந்த ஆட்கள் நம்பினார்கள், டீச்சர். அந்த மரியாதைக்காகவே நான் பார்த்தேன்.

கிடைத்தது எந்தக் கதை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடி வீட்டுக் கதை!

ஞாபகப்படுத்திக்கொள்கிறேன், தவறினால் திருத்துங்கள். பெரிய மாளிகை. தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் கிழட்டு நகை வியாபாரி செத்துக் கிடக்கிறார். சந்தேகம் மூன்று பேர்மேல். வீட்டை நிர்வகிக்கும் அந்தப் பெண்மணி, வக்கீல், தூரத்திலிருந்து வந்திருக்கும், செத்தவருடைய அண்ணன் மகன். அவனோ குளியலறைக்கு வழி கேட்கிற அளவுக்கு வீட்டுக்குப் புதியவன். பிறகு அந்தக் காட்சி. தோட்டம் முழுக்கக் கும்மிருட்டு. ஒரு கைவிளக்கு மட்டும் சரளைக்கல் பாதையில் கண்ணாடி வீட்டை நோக்கிப் போகிறது. பிடித்திருப்பவர் முகம் தெரியாது. இன்ஸ்பெக்டர் மரத்துக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்.

ஒரு விளக்கு என்று இப்போது எழுதிவிட்டேன். அன்றைக்கு நான் பார்த்தது இரண்டு! முன்னால் பிரகாசமாக ஒன்று, ஒட்டினாற்போல் பின்னால் மங்கலாக ஒன்று. விளம்பரம் வந்ததும் ஜன்னலுக்கு ஓடினேன்.

"ரெண்டு பேரு டீச்சர்! ரெண்டு விளக்கு போகுது. வக்கீலும் அண்ணன் மகனும் கூட்டு. சாப்பாட்டு மேசையிலயே கண்ணால பேசிக்கிட்டாங்க."

தூறலில் குடைக்குக் கீழிருந்து நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? கல்லுக்கு மேல நடந்தது ஒரே ஒரு ஆள். அந்த நடையில தயக்கமே இல்ல. இருட்டில ஒரு தடவ கூட கால் தடுமாறல்ல. அந்த வீட்டில பல வருஷமா நெடுக நடந்த காலு அது. வீட்டப் பாத்துக்கொள்ற பொம்பளதான்."

"நான் என் கண்ணால பாத்தேன்!"

"நான் என்ட காதால கேட்டன்!"

விளம்பரம் முடிந்தது. எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். கரண்ட் போய்விட்டது. இருட்டில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்று அலறியதில் உங்கள் மகள் விழித்து அழுதாள்.

அந்தக் கதையை அவர்கள் மறுபடி போடவில்லை. போட்டிருந்தாலும் நம் கண்ணில் படவில்லை. கண்டி போகிற பஸ்ஸில் பிடியில் தொங்கிக்கொண்டு வழக்காடினோம். ஆசிரியர் அறையில் வினாத்தாள் கட்டும்போது வழக்காடினோம். உங்கள் மகளின் கல்யாண வீட்டில், மாப்பிள்ளை வந்து இறங்குகிற நேரத்தில், நீங்கள் என் காதருகே குனிந்து "ஒரு ஆள்தான்" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டவள் நான், காணாத நீங்கள் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதுதான் என் கோபம். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குரல் பாதியாகிவிட்டிருந்த நாளிலும் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். தண்ணீர் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"டீச்சர். ஒரு ஆள்தான். ஒத்துக்கோங்க."

"மாட்டேன்" என்றேன். உங்களுக்கு அது பிடித்திருந்தது. ஒத்துக்கொண்டிருந்தால் பயந்துபோயிருப்பீர்கள்.

அதனால்தான் போன கிழமை படம் கிடைத்தும் எனக்குப் பார்க்கத் துணிவு வரவில்லை. பார்த்தால் யாரோ ஒருவர் தோற்க வேண்டும். நான் தோற்றால் உங்களிடம் வந்து சொல்ல முடியாது. நீங்கள் தோற்றால் இன்னும் மோசம், மறுத்துப் பேச நீங்கள் இல்லை. எப்படியானாலும் நமக்குள் மீதி இருந்த ஒரே பேச்சு அத்தோடு முடிந்துவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களைந்தேன். அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன். பிறகு கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை, டீச்சர். ஒரு கொலைக்கு முடிவு தெரியாமல் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவளுக்கு அதற்கு மேல் பொறுமை எங்கே வரும்?

தோட்டக் காட்சி வந்தது. படம் துடைத்து வைத்த மாதிரிச் சுத்தம். இருட்டு. சரளைக்கல் சத்தம். விளக்கு.

ஒன்றே ஒன்று.

பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன், ஒன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் ஒன்று. வேறு பிரதியாக இருக்குமோ, இரண்டாவது விளக்கை யாராவது வெட்டி எடுத்திருப்பார்களோ என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன், தனியாக, வீடு அதிரும்படி.

எதிரொலிப் பாடத்துக்கு நான் வருஷம் தவறாமல் சொன்ன உதாரணம் என்ன? ஹந்தானை மலை மேலே நின்று ஒரு தடவை கூப்பிட்டால் நம் குரல் ஒன்று, மலையில் பட்டுச் சற்றுப் பிந்தித் திரும்பும் குரல் ஒன்று, ஆக இரண்டு கேட்கும். கூப்பிட்டது ஒருவர்தான். டீவி அலையும் அதைத்தானே செய்யும்! நேராக வந்தது ஒன்று, ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மலையில் முட்டிவிட்டுப் பிந்தி வந்தது இன்னொன்று. வெளிச்சமான காட்சியில் எல்லாமே இரட்டையாகும், உடனே "கொஞ்சம் திருப்புங்க" என்று கத்தியிருப்பேன். கும்மிருட்டில் இருந்தது ஒரு விளக்கு மட்டும். அது இரண்டாகத் தெரிந்தால் இரண்டு என்றுதான் யாரும் எண்ணுவார்கள். நீங்கள் கம்பத்தைப் பிடித்திருக்கும்போது அது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். தூறல் பலத்ததும் "கொடய மத்தக் கைக்கு மாத்துறன்" என்று நீங்கள் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. கம்பம் ஒரு மயிரிழை திரும்பியிருக்கும். அந்த இரண்டாவது விளக்கை ஏற்றியவர் நீங்கள்தான், டீச்சர்!

நில்லுங்கள், கதை இன்னும் முடியவில்லை. இன்ஸ்பெக்டர் செருமினார், இந்தத் தடவை கரண்ட் போகவில்லை. "இருட்டில் ஒரு முறைகூடத் தயங்காத கால்" என்றார். நான் கதிரையிலிருந்து எழுந்தேவிட்டேன். உங்கள் காரணம்! சொல்லுக்குச் சொல் உங்கள் காரணம்! அந்த வீட்டில் நெடுக நடந்த ஆள்தான். ஆனால் அந்தப் பெண்மணி இல்லை. அண்ணன் மகன்! அந்தப் பெண்மணி வேலைக்கு வருமுன்பே சின்ன வயதில் அங்கேயே வளர்ந்தவன், அதை மறைக்கத்தான் குளியலறைக்கு வழி கேட்டு நடித்திருக்கிறான்.

தாங்க முடியாமல் உங்கள் மகளுக்குப் போன் எடுத்தேன். வங்கியிலிருந்து நேரே ஓட்டோவில் வந்து இறங்கினாள். முழுக்கதையையும் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள், அசல் நீங்கள்.

"உம்மா வென்டிட்டாங்க அன்ட்டி."

"எப்படிம்மா வென்டாங்க? நான் சொன்ன ஆளுதானே கொலைகாரன்?"

"நீங்க வக்கீலையும் சேத்துத்தானே புடிச்சீங்க? ஒண்டுமறியாத மனுஷன்."

"உங்க உம்மா மட்டும்? ஒண்ணும் செய்யாத பொம்பளைய முப்பது வருஷமா கொலைகாரின்னாங்களே!"

"சரி, நீங்க எனக்கு விஞ்ஞானம் படிப்பிச்சீங்கதானே? விடை பிழைச்சாலும் செய்கை சரியா ஈந்தா புள்ளி குடுக்கணும் எண்டு யாரு சென்னது? உம்மாட செய்கை முழுக்கச் சரி. உங்களுக்கு விடை மட்டும்தான் சரி, அதுவும் பாதி. பாத்து எழுதின புள்ளயளுக்குத்தான் அப்படி வரும்."

நாற்பது பிள்ளைகளை அடக்கிய பார்வையால் அவளைப் பார்த்தேன், பலிக்கவில்லை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் அண்ணன் மகனை முதலில் கவனித்தது யார் என்று கேட்டேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது, அடுத்த வீட்டுக்காரர் என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போகும்போது கேட்டைத் திறந்தவள் திரும்பிச் சொன்னாள்: "உம்மாட கட்சிய நான் விட மாட்டன், செல்லிட்டன்."

விளக்கு ஒன்றுதான், டீச்சர். அதை ஒத்துக்கொள்கிறேன். கட்டிலருகே சொல்ல மறுத்ததை இப்போது சொல்லிவிட்டேன். மற்றதில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தச் சண்டை தீர்ந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன், அது இன்னும் என் கையில்தான் இருக்கிறது, சூடு ஆறாமல். நீங்கள் தோற்கவில்லை. நானும்தான்.